காணாமற்போன போர்வைகளும் எழுதப்படாத தாய்மாரும்

பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களை உள்மடித்து, எல்லா அடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் நெருக்கமான கைத்தையலால் இணைத்து உருவாக்கப்படும் போர்வை, தென்னிந்தியக் குடும்பங்களில் பல தலைமுறைகளாகப் படுக்கையாகவும் குளிர்க்காப்பாகவும் பயன்பட்டு வந்துள்ளது. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தெலுங்கு பேசுவோர் இதைப் பொந்த என்று அழைக்கின்றனர். கன்னட நாட்டில் கவுதி, மராட்டியத்தில் கோதடி, பீகாரில் சுஜனி, வங்கத்தில் காந்தா என்று வெவ்வேறு பெயர்களில் வழங்கும் போர்வைகளும் இதே மரபைச் சேர்ந்தவை. உடுத்திப் பழகி மென்மையடைந்த பருத்தித் துணியே இதற்கு மூலப்பொருள் என்பதால், ஒரு வீட்டில் தைக்கப்பட்ட சேலைப் போர்வை என்பது அவ்வீட்டுப் பெண்கள் உடுத்திய துணிகளின் தொகுப்பாகவும் அமைந்துவிடுகிறது.

தாய் மறைந்த பின்னரோ அவளது நினைவு மங்கத் தொடங்கிய பின்னரோதான் பிள்ளைகள் பெரும்பாலும் இத்தகைய போர்வைகளைத் தேடத் தொடங்குகின்றனர். பொருளைத் தேடுவதாகத் தொடங்கும் அந்த முயற்சி, தாய் எந்த ஊரில் பிறந்தாள், எந்த மொழி பேசும் வீட்டில் வளர்ந்தாள், திருமணத்துக்கு முன் அவளுடைய வாழ்க்கை எப்படியிருந்தது என்னும் கேள்விகளாக விரைவில் மாறிவிடுகிறது. அரசுப் பதிவேடுகள் இக்கேள்விகளுக்கு மிகக் குறைவாகவே விடை தருகின்றன என்பதாலேயே, பழஞ்சேலையில் தைத்த போர்வையை ஒரு வரலாற்று ஆவணமாகக் கருதி, அதற்குரிய முறையோடும் மதிப்போடும் தேடவும் காக்கவும் வேண்டியுள்ளது. எல்லைப் பகுதியாகவும் இருப்புப்பாதைச் சந்திப்பாகவும் விளங்கும் பாகாலா, இந்த உண்மையை உணர்த்துவதற்கு மிகப் பொருத்தமான இடமாகும்.

எல்லைகள் மாறிய வட்டாரம்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் அமைந்துள்ள பாகாலா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் விழுப்புரத்தையும் தர்மாவரத்தையும் இணைத்து அமைத்த மீட்டர்கேஜ் பாதையால் முக்கியத்துவம் பெற்ற ஊர். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக வரும் பாதை இங்கே பிரிந்து, ஒரு கிளை திருப்பதிக்கும் மற்றொரு கிளை மதனப்பள்ளி, கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கும் செல்கிறது. இந்தப் பாதையின் வசதியால் வேலூர்ப் பக்கத்துக்கும் இராயலசீமைப் பக்கத்துக்கும் இடையே வணிகத்தொடர்பு மட்டுமன்றிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுகளும் எளிதாயின. இதனால் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் ஏராளமாக உள்ளன.

பாகாலா வட்டாரம் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அப்போது அம்மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானபோது, வட ஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்கு மாறியது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தது. பின்னர் இரு மாநிலங்களின் எல்லைச் சிக்கலுக்கான படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. 2022 ஏப்ரலில் ஆந்திராவின் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது பாகாலா புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைக்கு இப்பால் வட ஆர்க்காடும் 1989இல் பிரிக்கப்பட்டு, பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் மாறி, 2019இல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. ஆகவே 1940களில் இப்பகுதியில் பிறந்த ஒரு பெண், தான் பிறந்த ஊரை விட்டு ஒரு முறைகூடப் பெயராமல் இருந்திருந்தாலும், அவளைப் பற்றிய தாள்கள் பல மாவட்டங்களின் பெயரிலும் இரு மாநிலங்களின் அலுவலகங்களிலும் சிதறிக் கிடக்கக்கூடும். மணமாகி எல்லை தாண்டியவளாயின் சிதறல் இன்னும் மிகுதி.

பதிவேடுகளில் பெண்ணின் இடம்

இடத்தின் பெயர் மாறியது ஒரு தடை மட்டுமே. பெண்ணின் பெயரே பதிவாகாமல் போனது அதைவிடப் பெரிய தடை. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புகளைப் பதிவுசெய்வதற்கான சட்டம் 1899இல் இயற்றப்பட்டது. எனினும், பிறந்த உடனேயே பெயர் சூட்டும் வழக்கம் இல்லாததால், பழைய பதிவேடுகளில் தந்தையின் பெயருக்கு எதிரே "பெண்" என்னும் குறிப்பு மட்டும் காணப்படுவது இயல்பு. இன்று நடைமுறையிலுள்ள 1969ஆம் ஆண்டுச் சட்டமும் பெயரின்றிப் பதிவுசெய்து பின்னர் பெயரைச் சேர்ப்பதற்கு இடமளிக்கிறது. ஆனால் பள்ளிக்கே அனுப்பப்படாத பெண்களின் பெயரைப் பின்னர்ச் சேர்க்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

ஆண்களின் கடந்த காலத்தை அறிய உதவும் நில ஆவணங்களும் பெண்களைப் பொறுத்தவரை பெரிதும் மௌனமாகவே உள்ளன. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே கிடைக்கும் உரிமை, ஆந்திராவில் 1986ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலமும், தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமும்தான் மகளுக்கும் வழங்கப்பட்டது. முதல் இரு திருத்தங்களும் அவை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே மணமான பெண்களை விலக்கிவைத்தன. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை பெரும்பாலும் நகை, பாத்திரம், துணி ஆகிய சீர்ப்பொருள்களே. அவற்றில் நகை அடகுக்குப் போயிருக்கும்; பாத்திரம் உருக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கும். துணி மட்டுமே, நைந்த பின்னும் வீட்டைவிட்டு நீங்காமல், போர்வையின் உள்ளடுக்காக மாறித் தங்கியது. மண்ணில் உரிமை பெறாத ஒரு தலைமுறையின் உடைமை வரலாறு துணியிலேயே எஞ்சியிருக்கிறது.

போர்வை தொலையும் வழிகள்

தேடுவோர் முதலில் உணர வேண்டியது, சேலைப் போர்வை என்பது தேய்ந்து தீர்வதற்காகவே செய்யப்பட்ட பொருள் என்பதாகும். புதிதாகப் பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், மூத்தோர் உடுத்திய பழந்துணியில் கிடத்துவது தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் இரண்டிலும் உள்ள வழக்கம். துணியின் மென்மை குழந்தையின் தோலுக்கு இதம் என்பதும், நீண்ட ஆயுள் கண்டவரின் ஆசி அதில் இருக்கிறது என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அவ்வாறு பயன்பட்ட போர்வை, பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படுக்கையாகி, களத்தில் விரிப்பாகி, இறுதியில் கரித்துணியாக முடிவது இயற்கையான ஒழுங்கு. ஒருவர் இறந்தபின் அவர் படுத்திருந்த பாயையும் போர்வையையும் வீட்டில் வைத்திருக்காமல் அகற்றிவிடும் சடங்கு வழக்கமும், மூத்த பெண்களின் போர்வைகள் அவர்களோடே மறைந்து போனதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

வணிகமும் இதில் பங்கு கொண்டது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரிகள் வீதிதோறும் வரத் தொடங்கியபின், போர்வைக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட சேலைகள் பாத்திரங்களாக மாறின. சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய பட்டுச் சேலைகள் விலைக்கு வாங்கப்பட்டதால், பல குடும்பங்களின் கூறைப்புடவைகள், அதாவது மணநாளில் மணமகள் உடுத்தும் புடவைகள், நெருப்பில் முடிந்தன. செயற்கை இழைச் சேலைகள் பரவியதும் நிலைமை மேலும் மாறியது: அவை எளிதில் நைவதில்லை, வியர்வையை உறிஞ்சுவதில்லை, ஊசிக்கு வழுக்குகின்றன என்பதால், போர்வை தைப்பதற்கு அவை ஏற்றவையாக இல்லை. ஆலைப் போர்வையும் பஞ்சு மெத்தையும் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது, நாள்கணக்கில் உட்கார்ந்து தைக்கும் வேலை பொருளற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனவே, போர்வை "தொலைந்தது" என்று கூறப்படும் இடங்களில் பெரும்பாலும் நிகழ்ந்திருப்பது திருட்டோ கவனக்குறைவோ அன்று. அது பயனின் நிறைவு. இந்தப் புரிதல் தேடுவோருக்குக் குற்ற உணர்விலிருந்து விடுதலை தருவதோடு, முழுப் போர்வையை மட்டும் எதிர்பார்க்காமல், தலையணை உறைக்குள்ளும் பழைய போர்வைகளின் உள்ளடுக்கிலும் தங்கியுள்ள துண்டுகளையும் தேடும்படி அவர்களை வழிநடத்தும்.

ஒரே கடற்கரை, இரு விதி

இதே நிலப்பகுதியின் வேறு வகைத் துணிகளுக்குக் கிடைத்த கவனத்தை ஒப்பிட்டால், வீட்டுப் போர்வைகளுக்கு நேர்ந்த புறக்கணிப்பு தெளிவாகும். திருப்பதி மாவட்டத்திலுள்ள காளஹஸ்தி, கலம்காரி எனப்படும் கைவரை துணிக்குப் பெயர்பெற்றது. மூங்கில் குச்சியால் ஆன எழுதுகோலைச் சாயத்தில் தோய்த்து, கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் பதப்படுத்திய பருத்தித் துணியில் புராணக் காட்சிகளை வரையும் இக்கலை, நலிந்திருந்த நிலையில் 1950களின் இறுதியில் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் முயற்சியால் பயிற்சி மையம் பெற்று மீண்டும் தழைத்தது. இதன் மூத்த கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சோழமண்டலக் கடற்கரையில் சாயவேர், அவுரி, படிகாரம் ஆகியவற்றைக் கொண்டு வண்ணமிடப்பட்ட துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சென்று, பலம்போர் எனப்படும் படுக்கை விரிப்புகளாகவும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளாகவும் செல்வர் வீடுகளை அணி செய்தன. உள்நாட்டு நெசவைக் காப்பதற்காகப் பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் இத்தகைய துணிகளுக்குத் தடை விதிக்கும் அளவுக்கு அவற்றின்மீது மக்களுக்கு மோகம் இருந்தது. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்கள் இன்றும் அவற்றை ஒளியும் ஈரமும் படாமல் காத்துவருகின்றன. கோயிலுக்காகவும் ஏற்றுமதிக்காகவும் செய்யப்பட்ட துணிகளுக்கு வணிகக் கணக்கும் விருதும் அருங்காட்சியகமும் கிடைத்தன. அதே மண்ணின் பெண்கள் தம் பிள்ளைகளுக்காகத் தைத்த போர்வைகளுக்கோ ஒரு பெயர்ச்சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

பெயர் தைத்தவர்களும் தைக்காதவர்களும்

வீட்டுப் பெண்களின் தையலை வரலாறாக மதித்த முன்னோடி முயற்சி இந்தியாவில் வங்கத்தில் நிகழ்ந்தது. ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகச் சென்று காந்தா போர்வைகளைத் திரட்டினார். அவை கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது, 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா. தன் பெயரையும் அது தந்தைக்கு உரியது என்பதையும் ஊசி நூலாலேயே அவர் துணியில் எழுதிவைத்ததால், அவரை இன்றும் பெயர் சொல்லிக் குறிப்பிட முடிகிறது. 1929இல் வெளியான ஜசீமுத்தீனின் "நக்ஷி காந்தார் மாட்" என்னும் வங்கக் கதைப்பாடலும், கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்க்கையைப் போர்வையில் தைப்பதையே மையமாகக் கொண்டது.

பெயர் பொறிக்கப்படாதபோது நேரும் இழப்பை "ராஜா" போர்வை காட்டுகிறது. 1841இல் "ராஜா" என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து தாஸ்மானியாவுக்கு நாடுகடத்தப்பட்ட சுமார் 180 பெண் கைதிகளுக்கு, சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் தலைமையிலான பெண்கள் சங்கம் ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் வழங்கியது. பயணத்தின்போது அவர்களுள் சிலர் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய போர்வையைத் தைத்தனர். அது நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்து, 1987இல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கண்டெடுக்கப்பட்டு, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. உதவிய சங்கத்துக்கு நன்றி கூறும் வாசகம் அதில் உள்ளது. தைத்த பெண்கள் ஒருவரின் பெயரும் இல்லை. நூறாண்டு கழித்து, 1942இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியரால் அடைக்கப்பட்ட பெண்கள், ஒவ்வொருவரும் ஒரு சதுரத் துணியில் தம் பெயரைப் பூத்தையலிட்டு, தலா 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்றைத் தைத்தனர். வேறு பகுதியில் சிறையிருந்த தம் கணவருக்குத் தாம் உயிரோடிருப்பதை அறிவிப்பது அவர்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது; அந்தப் பெயர்களைக் கொண்டே பிற்காலத்தில் பலரின் வாழ்க்கையை ஆய்வாளர்கள் தொகுக்க முடிந்தது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், குடும்பப் போர்வைகள் தைத்தவரின் விவரமின்றி வெளியூர்களுக்கு விலைபோவதைக் கண்டு கவலையுற்ற சிலர், 1981இல் ஒரு பொதுப்பதிவு முயற்சியைத் தொடங்கினர். குறித்த நாளில் குறித்த இடத்துக்கு மக்கள் தம் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவருவர். அங்கேயே அவை படம் பிடிக்கப்பட்டு, தைத்தவரின் பெயர், ஊர், உறவு ஆகியவை எழுதப்படும். போர்வை உரியவரிடமே திரும்பிச் செல்லும். பொருளைக் கைப்பற்றாமல் செய்தியை மட்டும் திரட்டும் இம்முறை, பின்னர் அந்நாட்டின் பிற மாநிலங்களாலும் பின்பற்றப்பட்டது.

துணியை வாசித்தல்

கிடைத்த போர்வையோ துண்டோ எந்தக் காலத்தது என்பதைத் துணியே ஓரளவு சொல்லும். நைந்துபோன போர்வையின் மேல் புதிய சேலையைப் போர்த்தி மீண்டும் தைப்பது வழக்கமாதலால், வெளியடுக்கு பிந்தியது, உள்ளடுக்கு முந்தியது என்பது பொதுவிதி. ஓரம் பிரிந்த இடத்தில் உள்ளே தெரியும் கரையையும் முந்தானையையும் தையலைப் பிரிக்காமலேயே கவனிக்கலாம். செயற்கை அலிசரின் சிவப்பு 1869இலும், செயற்கை அவுரி நீலம் 1897இலும் சந்தைக்கான வடிவம் பெற்றன என்பதால், வேர்ச்சாயமும் செடிச்சாயமும் ஏறிய துணிகள் பொதுவாக மூத்தவை. ஏழைகளுக்குக் குறைந்த விலையில் வழங்குவதற்காகக் கைத்தறியில் துணி நெய்விக்கும் ஜனதா துணித்திட்டம் 1976இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு விலையின்றி வேட்டி சேலை வழங்கும் திட்டம் 1983இல் வந்தது. இத்தகைய சேலை ஓர் அடுக்கில் இருந்தால், அந்த அடுக்கு அத்திட்டம் தொடங்கிய ஆண்டுக்கு முற்பட்டதன்று என உறுதியாகக் கூறலாம்.

காலத்தைப் போலவே வாழ்க்கை நிலையையும் துணி காட்டும். பாவாடைத் துண்டு சிறுமிப் பருவத்தையும், கூறைப்புடவையின் கரை மணநாளையும், கரையற்ற வெள்ளைச் சேலை கைம்மையையும் குறிக்கக்கூடும். தாய்க்கு முந்தைய தலைமுறையின் வெள்ளைச் சேலை ஒன்று நடு அடுக்கில் இருக்குமாயின், இளமையிலேயே கணவனை இழந்து பிறந்தகத்தில் வாழ்ந்த, தாயின் பெரியம்மாவோ அத்தையோ ஒருத்தி குடும்பக் கதைகளில் பேசப்படாமல் விடப்பட்டிருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பாகும். தையலின் போக்கும் கையை அடையாளம் காட்டும்: வட கன்னட மாவட்டத்தின் சித்தி இனப் பெண்கள் மூலையில் தொடங்கி ஓரமாகச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைக்கின்றனர், நான்கு மூலைகளிலும் சிறு முக்கோண மடிப்புகளை வைக்காத போர்வையை அவர்கள் முழுமையானதாகக் கருதுவதில்லை. தாயின் தையல் இடைவெளி, முடிச்சு, மூலை முடிக்கும் விதம் ஆகியவற்றை அவளோடு பிறந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வதுண்டு.

தேடலும் காப்பும்

தேடலைப் பெட்டியிலும் பரணிலும் தொடங்குவதைவிட மனிதரிடம் தொடங்குவதே பயன் தரும். தாயோடு வளர்ந்த சித்தி, பெரியம்மா, மாமன் மகள் முதலியோரிடம் "அம்மா எப்படிப்பட்டவள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "குளிர்காலத்தில் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தீர்கள், அதை யார் தைத்தது, எந்தச் சேலையில் தைத்தது" என்று கேட்கும்போது நினைவு விரிவாக எழுகிறது. தெலுங்கில் வளர்ந்தவரிடம் தெலுங்கிலும் தமிழில் வளர்ந்தவரிடம் தமிழிலும் கேட்பது, பாகாலா போன்ற இருமொழி வட்டாரத்தில் இன்றியமையாதது. வெளுத்துக் கொடுத்த குடும்பத்தாரும், வீடு வீடாக வந்து போர்வை தைத்துத் தந்த பெண்களின் வழியினரும் பல வீடுகளின் துணிகளை அறிந்தவர்கள். திருமண நிழற்படங்களில் உறவுப் பெண்கள் உடுத்தியுள்ள சேலைகளின் கரைகளைப் போர்வைத் துண்டுகளோடு ஒப்பிடுவதும் உறுதியான சான்றுகளைத் தரும்.

இவ்வாறு கிடைத்த ஊர்ப்பெயர்களையும் ஏறத்தாழ அறிந்த ஆண்டுகளையும் கொண்டே ஏடுகளுக்குச் செல்ல வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்கள் ஆகியவை முதற்படி. 1911க்கு முந்தைய வட ஆர்க்காட்டு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அடுத்த படி.

கிடைத்த போர்வையை உடனே துவைப்பது பெரும் தவறு. பழஞ்சாயம் கசியவும் நைந்த இழை அறுந்துபோகவும் அதுவே காரணமாகும். நிழலில் விரித்து, மென்தூரிகையால் தூசு நீக்கி, இருபுறமும் படம் எடுத்து, சாயமேற்றாத காடாத்துணியில் சுற்றி, ஈரமற்ற இடத்தில் வைத்து, ஆண்டுக்கு இருமுறையேனும் மடிப்பை மாற்றி வைப்பது போதுமானது. பாச்சை உருண்டை துணியில் நேரடியாகப் படக்கூடாது. தைத்தவர் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர், சேலைகளின் உரிமையாளர், சொன்னவர் பெயர் ஆகியவற்றை ஒரு பருத்தி நாடாவில் எழுதிப் போர்வையின் மூலையில் தைத்துவிட்டால், மானதாசுந்தரி தாமே செய்துகொண்டதைப் பிள்ளைகள் தம் தாய்க்குச் செய்தவராவர்.

ஒரு குடும்பம் தனியே செய்வதை ஒரு வட்டாரமும் கூடிச் செய்யலாம். ஆந்திராவில் ஊர்தோறும் இயங்கும் டுவாக்ரா எனப்படும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உள்ளூர்ப் பள்ளிகளும் முன்வந்தால், கென்டக்கியில் நடந்ததுபோல ஒரு போர்வைப் பதிவு நாளை பாகாலாவிலும் நடத்த முடியும். பொருளை யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கைபேசியில் படமும் குறிப்பேட்டில் பெயரும் பதிவானால் போதும். போர்வையே எஞ்சாத குடும்பங்களும் அந்த நாளில் தம் தாய் தைத்த விதத்தைச் சொல்லிப் பதியலாம். கிடைக்காத போர்வைக்கான தேடலும் தாயின் ஊரையும் உறவையும் உழைப்பையும் மீட்டுத் தந்திருந்தால் வீணாகவில்லை. போர்வை தைத்த தலைமுறைப் பெண்களில் உயிரோடிருப்பவர்கள் முதுமையின் இறுதியில் இருக்கிறார்கள் என்பதால், இப்பணியை இன்னொரு தலைமுறைக்கு ஒத்திவைக்க இயலாது.